உஸ்பெக் என்றால் எந்த நாடு

1

"பெரியப்பா, பாரிஸிலை லாச்சப்பல் முழுக்க எங்கடை ஆக்கள்தானாம், உண்மையோ?" என்று கோப்பாயிலிருந்து என் பெறாமகன் போனில் கேட்டான். தேர் ஓடுகிற படங்களையும் நகைக்கடைப் பலகைகளையும் பார்த்துவிட்டுக் கேட்கிறான். ஓம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. கீழே இறங்கிப் போய் எங்கள் கட்டடத்தின் தபால்பெட்டிகளை எண்ணினேன்.

இருபத்திரண்டு பெட்டிகள். தமிழ்ப் பெயர்கள் ஏழு. மாலி, செனகல் ஆட்கள் ஐந்து. அல்ஜீரியர் மூன்று. வங்காளிகள் இரண்டு, பிரெஞ்சுக்காரர் இரண்டு, சீனர் ஒன்று. ஒரு பெட்டிக்குப் பெயரே இல்லை. கடைசிப் பெட்டியில் ஒரு உஸ்பெக் குடும்பம். ஆக, நாங்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைத் தெரிந்துகொண்டு மேலே ஏறி வந்தபோது கதவை இரண்டு தரம் பூட்டினேன்.

எண்ணுவது முதலில் எனக்குத் தொழிலாக இருந்தது. கொழும்பில் பதிவுக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தகப்பன் தாயின் இனம் என்று ஒரு கட்டம் நிரப்புவோம்: சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், சோனகர், பறங்கியர், மலாயர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எண்ணுவது தொழிலாக இல்லை, பயமாகிவிட்டது. பஸ்ஸில் ஏறினால் எங்கள் ஆட்கள் எத்தனை பேர், இறங்கக் கதவுகள் எத்தனை என்று கண் தானாகப் பார்க்கிறது.

"அப்பா, இஞ்சை ஆர் உங்களை வெட்ட வாறது?" என்பாள் மகள் வாசுகி. "டிக்கெற் பாக்கிறவன் மட்டும்தான் வருவான். அதை எடுத்துக் கையிலை வையுங்கோ."

அவளுக்கு இது பகிடி. அந்த உஸ்பெக் குடும்பத்துக்கு இது பகிடி இல்லை. அதனால்தான் எங்களுக்குள் பழக்கம் உண்டானதென்று நினைக்கிறேன்.

2

முதல் நாள் அந்த வீட்டு ஆள் கதவைத் தட்டியபோது நான் திறக்கவில்லை. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். நாலு மூலை வைத்த கறுப்புத் தொப்பியுடன் ஒரு பெரிய ஆள். கையில் துணி சுற்றிய ஏதோ ஒன்று. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"ஐயா, கதவைத் திற," என்றது வெளியே குரல். "கெதியாத் திற."

தமிழ்! முகத்தைப் பார்த்தால் மத்திய ஆசியா, வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம். அது போலீசைவிடப் பயங்கரமாக இருந்தது. சங்கிலியைக் கழற்றாமல் கதவைச் சற்று நீக்கினேன். அவன் வலது கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தான்.

"நான் ஒதில். மேலை இருக்கிறன். மணியம் அண்ணை கடையிலை கோப்பை கழுவுறன். பாண் கொண்டு வந்தனான். சாப்பிடு."

மணியத்தின் சாப்பாட்டுக் கடை எங்கள் தெருவின் முனையில் இருக்கிறது. ஒதிலின் தமிழ் முழுவதும் அந்தக் குசினியில் கற்றது. அங்கே கோப்பை கழுவுகிறவனுக்கு யாரும் மரியாதைப் பன்மை போட்டுப் பேசுவதில்லை. ஆகவே அவனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் கட்டளைத் தமிழ். வயதில் மூத்தவர்களிடம் 'திறவுங்கோ' என்று சொல்ல வேண்டும் என்று சொன்னபோது அவன் முகம் காதுவரை சிவந்துவிட்டது. அவர்களுடைய மொழியில் சொந்தத் தகப்பனுக்கே மரியாதைச் சொல் போட்டுத்தான் பேசுவார்களாம். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் 'ங்கோ' சேர்க்கத் தொடங்கினான். "ஐயா, பாண் சூடுங்கோ. மழை வருதுங்கோ." மணியம் அண்ணையின் பூனைக்குக்கூட மரியாதை கிடைத்தது.

அவன் தந்த பாண் வட்டமாக, நடுவில் குத்திக் குத்திப் பூப்போட்டதாக இருந்தது. நான் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவன் எடுத்துத் திருப்பி, முகம் மேலே பார்க்க வைத்தான். ஊரில் அவன் பாண் சுடுகிறவன்.

3

அவனுடைய ஊர் ஓஷ். அது உஸ்பெகிஸ்தானில் இல்லை, கிர்கிஸ்தானில் இருக்கிறது. இதைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருங்கள். பாரிஸில் ஒரு கந்தோர் இதை விளங்கிக்கொள்ளாததால்தான் இத்தனையும் நடந்தது.

அவன் ஊரைப் பற்றிக் கேட்டால் நான் தபால்பெட்டி எண்ணுவதுபோல அவன் வாசல்களை எண்ணுவான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் உஸ்பெக்குகளின் மதில் வீடுகள். அந்தப் பக்கம் மாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் கிர்கீஸ்காரர். நடுவே ரஷ்யர், தாத்தார்கள். சந்தையில் கரட்டைச் சீவிக் காரம் போட்டு விற்கிற ஒரு கொரியப் பெண். நூடில்ஸ் இழுக்கிற உய்குர் கிழவன். வீட்டுக்குள் தாஜிக் பேசி வெளியே உஸ்பெக் பேசுகிற ஒரு குடும்பம். எல்லாரும் அவனிடம் பாண் வாங்கியவர்கள்.

"சண்டை இல்லையோ?" என்று கேட்டேன்.

"சண்டை இருந்ததுங்கோ. பகிடிச் சண்டை. அவங்கள் எங்களைக் கஞ்சன் எண்டுவாங்கள். நாங்கள் அவங்களை ஆட்டுக்காரன் எண்டுவம். பிறகு எல்லாரும் தேத்தண்ணி குடிப்பம்."

2010 யூனில் பகிடி முடிந்தது. அவனுடைய தெரு எரிந்தது. பாண் சுடுகிற அடுப்பு மண்ணால் ஆனதால் அது மட்டும் நின்றதாம். கடவுச்சீட்டு, பிறப்புப் பத்திரம் எல்லாம் வீட்டோடு போயின. எல்லை பக்கத்தில். உஸ்பெகிஸ்தான் சில நாட்கள் எல்லையைத் திறந்து பெண்களையும் பிள்ளைகளையும் முதியவர்களையும் உள்ளே எடுத்தது. அவன் மனைவி நிகோராவும் சின்ன மகளும் போனார்கள். அவனைத் திருப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவர்களையும் திருப்பி அனுப்பினார்கள், நீங்கள் கிர்கிஸ்தான் ஆட்கள் என்று சொல்லி.

தம்பியைப் பற்றி ஒரே ஒரு தரம் சொன்னான். இருவரும் காரில் போகும்போது வழிமறித்தார்கள். சுகமா என்று கேட்டார்கள். உஸ்பெக்கில் 'நல்லது' என்பதற்கு 'யாக்ஷி'. கிர்கீஸில் 'ஜாக்ஷி'. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். ஒதில் 'ஜ' போட்டுச் சொன்னான்.

"தம்பி 'ய' சொன்னான்," என்றான். 'ங்கோ' போட மறந்துவிட்டான்.

நான் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். கொழும்பில் கலவரக்காரர்கள் ஒரு வாளியைக் காட்டி இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். சிங்களத்தில் அது 'பால்திய'. எங்கள் நாக்கில் அந்தச் சொல்லின் முதல் எழுத்து வேறு மாதிரி வரும். கந்தோரில் சிங்களவர்களோடு வேலை செய்த பழக்கத்தில் எனக்குச் சரியாக வந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

4

ஒதிலின் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. காரணம் இரண்டு வரியில் இருந்தது. வாசுகி வாசித்துச் சொன்னாள்: விண்ணப்பதாரர் உஸ்பெகிஸ்தான் நாட்டவர், அந்த நாட்டில் அவருக்கு ஆபத்து உண்டென்று அவர் சொல்லவேயில்லை.

"அண்ணை, உங்களிட்டை 'நசியோனாலித்தே' எண்டு கேட்டவையோ?" என்றாள்.

"ஓம்ங்கோ."

"என்ன சொன்னனீங்கள்?"

"உஸ்பெக்."

வாசுகி தலையில் கை வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிரெஞ்சில் அது எந்த நாட்டுக் குடிமகன் என்ற கேள்வி. ரஷ்ய மொழியில் கிட்டத்தட்ட அதே ஒலியில் ஒரு சொல் இருக்கிறதாம். அது கேட்பது நாட்டை அல்ல, இனத்தை. சோவியத் காலத்தில் எல்லாருடைய கடவுச்சீட்டிலும் அதற்கு ஒரு வரி இருந்தது. எங்கள் பதிவுக் கந்தோரின் கட்டம் மாதிரி. உன் சனம் எது என்று கேட்டதாக நினைத்து அவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். பிரெஞ்சுக்காரர் அவனை அவன் ஒரு நாளும் வாழாத நாட்டுக்குச் சொந்தக்காரன் ஆக்கிவிட்டார்கள்.

இந்தப் பிழையை உலகத்தில் எல்லாராலும் விட முடியாது. ஒதிலால் முடியும், எங்களால் முடியும். நான் பாரிஸுக்கு வந்த புதிதில் இதே கேள்விக்குத் தமிழ் என்று சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவர் பாண்டிச்சேரிக்காரர். "அப்போ நீங்க இந்தியாதானே, முஸ்ஸியே?" என்று கேட்டு எழுதப் போனார். நான் கத்தியதில் பேனையை வைத்துவிட்டார். போன வருஷம் என் பேத்தி பள்ளிக்கூடத் தாளில் அதே கட்டத்தில் தமிழ் என்று எழுதிவிட்டு வந்தாள். நான்தான் சொல்லிக் கொடுத்தது. ஆசிரியை வெட்டி வேறு எழுதியிருந்தார். "அது ஒரு நாடே இல்லையாம், அம்மப்பா," என்று பிரெஞ்சில் சொன்னாள். அவளுக்கு அதில் துக்கம் இல்லை. பதில் தெரியாத வீட்டுக் கணக்கை என் தலையில் போட்டது போலப் போய்விட்டாள்.

மேன்முறையீட்டுக்கு ஒரு பெண் வழக்கறிஞர் கிடைத்தார். அவர் இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, ஓஷில் ஒதிலை அறிந்த ஒரு சாட்சி வேண்டும். மற்றது, நீதிபதி நசியோனாலித்தே என்று கேட்டால் 'கிர்கீஸ்' என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவதைக் கேட்டதும் ஒதில் எழும்பி நின்றான். "மாட்டன்," என்றான் என்னிடம். "நான் கிர்கீஸ் இல்லை எண்டுதானே எரிச்சவங்கள்? எரிச்சதை நம்ப வைக்க நான் கிர்கீஸ் எண்டு சொல்லோணுமோ?"

தோற்றால் அவனையும் நிகோராவையும் பிள்ளையையும் உஸ்பெகிஸ்தானுக்கு, தாஷ்கந்துக்கு விமானம் ஏற்றுவார்கள். அன்றிலிருந்து லாச்சப்பல் மெத்ரோ வாசலில் போலீஸ் நின்று பேப்பர் கேட்கும் நாட்களில் நான் முன்னே போய்ப் பார்த்துவந்து சொல்வேன். என்னிடம் வதிவிட அனுமதிக் கார்ட் இருக்கிறது. ஆனாலும் அவர்களைக் கண்டால் எதிர்ப் பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவேன்.

5

சாட்சி இருந்தான். அதுவே எனக்குப் பெரிய பயம். மணியத்தின் குசினியில் பின்னேர வேலைக்கு வரும் பக்கிட் ஓஷ்காரன். ஆனால் கிர்கீஸ்.

அவர்கள் இருவரும் ஒரே குசினியில் வேலை செய்வது தெரிந்த நாளே நான் மணியத்திடம் ஓடினேன். "தம்பி, இவன்கள் ரெண்டு பேரையும் ஒரு நேரத்திலை விடாதை. கத்திகள் இருக்கிற இடம்."

"ஐயா, அவங்கள் இவ்வளவு நாளும் வெங்காயத்தைத்தான் வெட்டுறாங்கள்," என்றான் மணியம். "அழுகிறதும் வெங்காயத்துக்குத்தான். நீங்கள் போய்த் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

உண்மையில் அவர்கள் பேசுவதே குறைவு. ஒதில் கிர்கீஸ் பேசமாட்டான். பக்கிட் உஸ்பெக் பேசமாட்டான். அண்டாவைத் தூக்க வேண்டி வந்தால் தமிழில், "பிடி, பிடி, விடு." வேறு யாருக்கும் விளங்காத ஒரு சமாதானம் அது.

வாசுகி இருவரையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டாள். நான் முன்கூட்டியே மேசையிலிருந்த பழம் வெட்டும் கத்தியை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். பக்கிட் மெலிந்தவன், கண்ணாடி போட்டவன். கதிரையின் நுனியில் இருந்தான். தாய் இன்னும் ஓஷில், நாலாம் மாடியில் இருக்கிறாள். அவன் ஒரு உஸ்பெக்குக்காகச் சாட்சி சொன்னதாக அங்கே கதை போனால் அவளுடைய நிலை என்ன? தேத்தண்ணி ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவரை உங்களுக்கு அங்கை தெரியுமோ?" என்று வாசுகி கேட்டாள்.

"பாலத்துக்குப் பக்கத்திலை பாண் கடை," என்றான் பக்கிட் தமிழில். "எங்கடை வீட்டுக்கு முன்னாலை."

"முன்னாலை இல்லை, பின்னாலை," என்றான் ஒதில்.

"டேய், முன்னாலை! நான் மாடியிலை இருந்து பாத்தனான்."

"மாடியிலை இருந்து பாத்தால் எல்லாம் முன்னாலைதான். மலையிலை ஆட்டோடை நிண்டவனுக்குத் தெரு எங்கை தெரியும்?"

"நீ தண்ணிக்கும் கணக்குப் பாக்கிற ஆள்!"

பிறகு ரஷ்ய மொழிக்குத் தாவினார்கள். குரல் உயர்ந்தது. ஒதில் மேசையில் விரலால் ஆற்றைக் கீறினான். பக்கிட் அதை அழித்து வேறு பக்கம் கீறினான். நான் கதவுக்குக் கிட்டப் போய் நின்றேன். ஒதில் அடுப்பு இருந்த இடத்தைக் காட்டினான். பக்கிட் தன் வீட்டு யன்னலைக் காட்டினான். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே விரல்கள் வந்ததும் இருவரும் ஒன்றாக நிறுத்திவிட்டார்கள். யன்னலிலிருந்து அடுப்பு தெரியும். எரிந்ததும் தெரிந்திருக்கும்.

"நான் கதவைப் பூட்டிப்போட்டு இருந்தனான்," என்றான் பக்கிட் மெல்ல. யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

வாசுகிதான் பேசினாள். "இதையே அங்கை வந்து சண்டை பிடியுங்கோ, தம்பி. ஒரு தெருவுக்கு இப்பிடிச் சண்டை பிடிக்க அந்தத் தெருக்காரராலைதான் ஏலும்."

பக்கிட் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கோப்பையைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

6

வழக்கு நாளில் நீதிமன்ற மண்டபத்துக்கு வெளியே முப்பது கதிரைகள். பல நாட்டுச் சனம். பக்கிட்டைக் காணவில்லை. ஒதிலின் பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் அவன் மூச்சு வாங்க ஓடி வந்தான். குசினிச் சப்பாத்தோடு வந்திருந்தான்.

மூன்று பேர் உயரமான மேசையில் இருந்தார்கள். மொழிபெயர்க்க வந்த பெண் தாஷ்கந்துக்காரி. நடுவில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். நசியோனாலித்தே?

ஒதில் பேசவில்லை. மொழிபெயர்ப்பாளர் திருப்பிக் கேட்டார். வழக்கறிஞர் பேனையை மேசையில் வைத்தார். சொல்லடா என்று மனத்துக்குள் கத்தினேன். ஒரு சொல். சொல்லிவிட்டுப் போ.

"கிர்கீஸ்," என்றான். கேட்கவில்லை என்றார்கள். இரண்டாம் முறையும் சொல்ல வைத்தார்கள்.

பக்கிட் எழும்பினான். இவரை எப்படித் தெரியும் என்று கேட்டார்கள்.

"இவரிடம் பாண் வாங்கப் போவேன்," என்றான் ரஷ்ய மொழியில். "எங்கள் மொழியில் பாணுக்கு 'நான்'. இவர்கள் மொழியில் 'நோன்'. நான் ஒவ்வொரு நாளும் 'நான்' என்று கேட்பேன். இவர் ஒவ்வொரு நாளும் 'நோன்' என்று திருத்திவிட்டுத்தான் தருவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அந்தக் கடை இல்லை. எரிந்ததை நான் யன்னலில் நின்று பார்த்தேன். யார் எரித்தது என்றும் எனக்குத் தெரியும். அவர்கள் என் சனம்."

தாஷ்கந்துக்காரியின் குரல் கடைசி வசனத்தில் தடக்கியது. நடுவில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். வெளியே வந்ததும் பக்கிட் ஒருவரோடும் கதைக்காமல் படியில் குந்தி இருந்து தாய்க்குப் போன் எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுத்துப் பேசும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.

சில கிழமைகளில் தீர்ப்பு வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். மேல் மாடியிலிருந்து ஒதில் படிகளில் உருண்டு வருவது போல ஓடி வந்த சத்தத்துக்கு நான் கட்டிலுக்கு அருகே ஒளிந்தேன். நல்ல செய்தியும் எனக்கு அதே சத்தத்தில்தான் வருகிறது.

7

பிரிபெக்சர் என்ற அரச கந்தோருக்குக் கார்ட் அலுவலாகப் போக வேண்டியிருந்தது. வாசுகிக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போனேன். ஒதில் கவுண்டரில் தன் பதிலைத் தயங்காமல் சொன்னான். பழகிவிட்டான். அடுத்து நிகோரா.

நிகோரா அதிகம் பேசாதவள். பூப்போட்ட தலைத்துணியும் பிள்ளையும் ஒரு பையுமாக எப்போதும் புருஷனுக்குப் பின்னால் நிற்பாள். நீதிமன்றத்தில் அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லாரும் ஒதிலைப் பழக்கினோமே தவிர அவளைப் பழக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நசியோனாலித்தே, மதாம்?" என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்.

"உஸ்பெக்," என்றாள் நிகோரா. தெளிவாக, தலையை நிமிர்த்தி.

தட்டச்சு நின்றது. அந்தப் பெண் தாளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், நிகோராவைப் பார்த்தாள். "உஸ்பெக்?"

நிராகரிப்பு, மேன்முறையீடு, விமானம் எல்லாம் திரும்ப வருகிறது. பாரிஸில் இத்தனை வருஷத்தில் எந்தக் கவுண்டரிலும் கேளாமல் வாய் திறந்தவனில்லை நான். "கிர்கீஸ், மதாம்! கிர்கீஸ்! கிர்கீஸ்!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். பிள்ளை அழத் தொடங்கியது.

"நீங்கள் மொழிபெயர்ப்பாளரா?" என்றாள் அந்தப் பெண்.

"பக்கத்து வீடு."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு நான் சொன்னதைத் தட்டச்சில் அடித்தாள்.

வெளியே வந்ததும் நிகோரா நின்றாள். அவளுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழ் புருஷனிடம் கற்றது.

"ஐயா, ஓஷிலை அவங்கள் எங்கடை கதவுக்கு வந்து கேட்டவங்கள். கையிலை கம்பிங்கோ. நான் உஸ்பெக் எண்டு சொன்னனான்." அவள் குரல் உயரவில்லை. "இஞ்சை கண்ணாடிக்குப் பின்னாலை ஒரு பொம்பிளைங்கோ. கையிலை ஒண்டும் இல்லை. நீங்கோ ஏன் எனக்குப் பதிலாச் சொன்னீங்கோ?"

ஒதில் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தான். என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல நெஞ்சில் கை வைத்தான். அவள் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வாசுகியிடம் சொன்னேன். "தீர்ப்பு வந்தாப் பிறகு அவள் என்ன சொன்னாலும் ஒண்டும் நடந்திருக்காது, அப்பா," என்றாள். "தாளிலை இருக்கிறதைத்தான் அடிப்பினம். நீங்கள் கத்தியிருக்கவே தேவையில்லை."

கார்ட் அச்சாகி வந்துவிட்டது. பத்து வருஷத்துக்குச் செல்லும். நிகோராவின் படத்துக்குக் கீழே, அவள் சொல்லாத சொல் இருக்கிறது.